ஒரே வாரத்துல ரெண்டு பேரும் படியில விழக்கூடாது

அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் சட்டைக் கம்பெனியில் 'எக்ஸ்ரே' என்று பெயர். தைத்து முடித்த சட்டைகள் கட்டுக்கட்டாக அவள் மேசைக்கு வரும். அவள் செக்கர். சட்டையை விரித்து, காலரைத் திருப்பி, உள்ளே கையை விட்டுத் தையலை விரலால் வருடுவாள். எங்காவது நூல் விட்டிருந்தால், பட்டன் துளை கோணலாக இருந்தால், அந்த இடத்தில் அம்பு போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவாள். வேலை அவ்வளவுதான். ஆனால் அவள் செய்வதை நேரில் பார்க்க வேண்டும். ஒரு நாள் அவள் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்து மேசைப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு சட்டையை ஓரமாக வைத்தாள். அக்கா தன் மேசையிலிருந்து தலையைத் திருப்பாமலேயே, "அக்குள்ல பாரு" என்றாள். பார்த்தார்கள். இருந்தது!

"உங்க அக்காவுக்குக் கண்ணு ரெண்டுதானாடா?" என்று சூப்பர்வைசர் என்னிடம் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் வேலை பார்க்கும் செல்போன் ரிப்பேர் கடையில் அன்றைக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைச் சொன்னேன். எனக்கு வீட்டில் 'ரேடியோ' என்று பெயர், சும்மா வைக்கவில்லை.

கண் மட்டுமில்லை. சூப்பர்வைசர் சாவிக்கொத்தை மேசையில் வைக்கிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு யாருக்குத் திட்டு விழும் என்று அக்கா சொல்லிவிடுவாள். லீவு கேட்பதற்கு முன்னால் எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள்.

"எக்ஸ்ரே, இப்பக் கேக்கலாமா?"

"மத்தியானம் கேளு. வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருக்காரு. சாப்பிட்டா இறங்கிடும்."

இந்த வித்தையை அவள் எங்கே படித்தாள் என்று கம்பெனியில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு வாசலில் படித்தாள். அப்பா வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம். இரண்டும் சேர்ந்தாற்போல் 'தப்' என்று விழுந்தால் பிரச்சினை இல்லை, டிவியைப் போடலாம். முதலில் ஒன்று விழுந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று விழுந்தால், அந்த இடைவெளிக்குள் அக்கா என்னைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தான் மட்டும் பாடப் புத்தகத்தோடு வெளியே உட்கார்ந்திருப்பாள். யாராவது ஒருத்தர் கண்ணில் பட வேண்டும் அல்லவா? இல்லையென்றால் தேட ஆரம்பித்துவிடுவார். என்னைவிட அவள் ஒன்பது வயது பெரியவள். எனக்குக் கட்டிலின் அடிப்பலகை நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பாவின் கால்களும் அக்காவின் கால்களும் ஞாபகம் இருக்கின்றன. முகங்களை அங்கிருந்து பார்க்க முடியாது.

அடுத்த நாள் வேலை அம்மாவுக்கு. பள்ளிக்கூடத்தில், பக்கத்து வீட்டில், யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அம்மா காலையிலேயே பிரித்துக் கொடுத்துவிடுவாள். சாப்பாட்டு டப்பாவோடு சேர்த்து அதுவும். "உனக்குக் கதவு இடிச்சுது. உனக்குப் பந்து பட்டுச்சு." நான் ஒருமுறை, "எனக்கும் படியில விழுந்தேன்னே குடும்மா, அதுதான் சுலபமா இருக்கு" என்றேன்.

"படியை முந்தாநாள் அக்காவுக்குக் குடுத்தாச்சுடா. ஒரே வாரத்துல ரெண்டு பேரும் படியில விழக்கூடாது. சந்தேகம் வரும்."

அதற்கு நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சத்தியமாக. வலிக்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

"சொல்லும்போது கீழ பாக்காதீங்க, கண்ணைப் பாத்துச் சொல்லுங்க" என்பாள் அம்மா. யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருக்கும், ஒன்றுகூட மோதாது. அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பதில் பிரித்துக் கொடுக்க ஆள் இல்லை. தேவையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தோம். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, பிறகு கை நடுக்கம் வந்து, இப்போது டீ கிளாஸைத் தூக்கினால் பாதி டீ சட்டையில்தான். தெருவில் அவருக்கு நல்ல பெயர். தங்கமான மனுஷன், அதிர்ந்து பேசமாட்டார். மாடி வீட்டுக் குழந்தை அவர் மடியில்தான் தூங்கும். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அக்கா அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவர் வாசலில் செருப்பை இழுத்துக்கொண்டு வரும்போது, இப்போதும், அடுக்களைக் குழாயை ஒரு நொடி மூடிவிட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டுத்தான் திறப்பாள்.

இவ்வளவும் முன்கதை. விஷயம் இனிமேல்தான்.

போன மாதம் அக்கா ஒரு கட்டுச் சட்டை முழுவதற்கும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள். ஒன்று விடாமல். பிறகு அடுத்த கட்டுக்கும். சூப்பர்வைசர் வந்து ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. மேலாளர் வந்தார். அவரும் பார்த்தார்.

"என்னம்மா தப்பு இதுல?"

"இருக்கு சார்."

"எங்க?"

"எங்கேன்னுதான் தெரியல. ஆனா இருக்கு."

லாரி வெளியே நிற்கிறது. சரக்கு ஏற்ற வேண்டும். ஒட்டிய ஸ்டிக்கரை எல்லாம் நான்கு பெண்கள் உட்கார்ந்து நகத்தால் உரித்தார்கள். அவர்கள் உரிக்க உரிக்க அக்கா இந்தப் பக்கம் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தாளாம். கையைப் பிடித்து நிறுத்தியபோது கை சில்லிட்டிருந்ததாம். மேலாளர் கெட்டவர் இல்லை. "டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்கம்மா. சரியானதும் உங்க மேசை உங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு அந்த மேசையைத் தவிர உலகத்தில் தன்னுடையது என்று சொல்ல எதுவும் கிடையாது. அதனால் நான் களத்தில் குதித்துவிட்டேன்.

எனக்கு ஒரு விஷயம் பிடித்துவிட்டால் விடமாட்டேன். கடையில் போன் பழுதுபார்த்துக்கொண்டே காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு மனநலம் பற்றி எவ்வளவு கேட்க முடியுமோ அவ்வளவும் கேட்டேன். சின்ன வயதில் பயந்து பயந்து வளர்ந்தால் பெரியவர்களான பிறகும் உடம்பு பயந்துகொண்டே இருக்கும் என்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம், ஏதோ உடைந்த போனில் எந்த இடம் போயிருக்கிறது என்று கண்டுபிடித்த மாதிரி! கண்டுபிடித்தால் போதும், சரி பண்ணிவிடலாம் அல்லவா? ஒரு மனநல டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கினேன். போனில் வரவேற்பில் இருந்த பெண் ஒரு நிபந்தனை சொன்னாள்.

"சின்ன வயசுல இருந்து அவங்களைத் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் கூட வரணும். அம்மா இருக்காங்களா?"

"இல்லைங்க."

"அப்ப அப்பாவைக் கூட்டிட்டு வாங்க."

போனை வைத்துவிட்டு, மேசையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு என் மண்டையில் அந்த யோசனை உதித்தது. வரட்டும். அவரே வரட்டும். டாக்டர் கேட்பார், இவர் சொல்வார், இவ்வளவு வயசான பிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது, கண் கலங்குவார், ஒரு வார்த்தை 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்பார், அக்கா அழுவாள், முடிந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக முப்பத்து மூன்று வயது வரை அவள் உடம்பு காத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நானே பிரசங்கம் பண்ணிக்கொண்டேன்.

அக்காவிடம் சொன்னபோது, "அவர் எதுக்குடா?" என்றாள்.

"டாக்டர் ரூல்க்கா."

"ரூலா?" என்றாள். ரூல் என்றால் அவள் அப்படித்தான், எதிர்த்துப் பேசமாட்டாள்.

அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். காத்திருக்கும் அறையில் ஒரு கர்ப்பிணிக்கு எழுந்து இடம் கொடுத்தார். வரவேற்புப் பெண்ணிடம், "உனக்கு எவ்வளவு பொறுமைம்மா" என்றார். அவள் உடனே எங்களுக்கு மின்விசிறியைக் கூட்டிவைத்தாள். "உங்க அப்பா ரொம்ப ஜாலி டைப் இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

டாக்டரம்மா களைத்துப்போன முகத்தோடு இருந்தார். மெல்லிய குரல். அக்கா வழக்கம்போலத் தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்துக் கேட்டாள்.

"தூக்கம் எப்படி இருக்கு?"

"நல்லா வருது டாக்டர்."

"படுத்தா போதும், அசந்துடுவா" என்றார் அப்பா.

"தூங்கறதே இல்ல டாக்டர். பக்கத்து ரூம்ல நான்தானே இருக்கேன்" என்றேன்.

டாக்டர் அக்காவையே பார்த்தார். "தூங்காம என்ன பண்ணுவீங்க?"

"சும்மா கேட்டுட்டு இருப்பேன்."

"என்ன கேக்கும்?"

"ஒண்ணும் கேக்காது" என்றாள் அக்கா. "அதான் டாக்டர். ஒண்ணுமே கேக்கறதில்ல. எப்ப கேக்கப்போகுதோன்னு இருக்கும்."

டாக்டர் பேனா மூடியைத் திறந்து மூடினார். "சின்ன வயசுல வீட்டுல எப்படி? பயப்படற மாதிரி ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று அக்காவும் அப்பாவும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒத்திகை பார்த்த மாதிரி. அப்பா சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்: "ராணி மாதிரி வளர்த்தேன் டாக்டர். அவ கம்பெனியில கேட்டுப் பாருங்க. எவன் கண்ணுக்கும் தெரியாத தப்பு அவ கண்ணுக்குத் தெரியும். எல்லாம் என் வளர்ப்பு."

அது உண்மைதான். அன்றைக்கு அந்த அறையில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"இடது காது கேக்காதா?" என்றார் டாக்டர், திடீரென்று.

"பந்து பட்டுச்சு" என்றாள் அக்கா.

"சீழ் வச்சுது" என்றார் அப்பா.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. டாக்டர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். இதற்காகத்தானே வந்திருக்கிறேன்? இத்தனை நாள் கேட்டதும் படித்ததும் இந்த ஒரு வரிக்குத்தானே? வாயைத் திறந்தேன்.

"படியில விழுந்தா டாக்டர்" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

என்னிடமிருந்துதான் வந்தது என்று நம்பவே முடியவில்லை. நாக்கைப் பிடுங்கிப் போடலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசி நாட்களில், அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா காதுல பந்து படலடா" என்று சொன்னது எனக்குள் அப்படியே இருக்கிறது. இருந்தும் வந்தது படிதான்.

"இல்ல" என்றேன். "இல்ல டாக்டர். அவர்தான் அடிச்சாரு. காதோட சேர்த்து அறைஞ்சாரு. அவளை மட்டுமில்ல, எங்க எல்லாரையும். பெல்ட்டு, விறகு, கையில எது கெடைச்சாலும்."

அப்பா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே ஆச்சரியப்படுகிறவர் மாதிரி பார்த்தார். "என்னப்பா சொல்ற? நானா?" நடுங்குகிற கையைத் தூக்கி டாக்டரிடம் காட்டினார். "இந்தக் கையா டாக்டர்? அந்தக் காலத்துல எல்லா அப்பனும் ஒண்ணு ரெண்டு வைப்பான். அதுக்குப் பேரு அடியா?"

நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லுக்கா. ஒரே ஒரு தடவை சொல்லு.

அக்கா சிரித்தாள். "அவன் அப்பக் கைக்குழந்தை டாக்டர். அவனுக்கு என்ன தெரியும்? எதையும் பெருசாக்கிப் பேசுவான். வீட்டுல ரேடியோன்னுதான் கூப்பிடுவோம்." என் முழங்காலை மேசைக்கு அடியில் அழுத்திப் பிடித்தாள். நகம் பதிந்தது.

டாக்டர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். நாங்கள் எழுந்தபோது அக்காவிடம் மட்டும் சொன்னார்: "அடுத்த தடவை நீங்க தனியா வாங்க."

"தனியாவா?" என்றார் அப்பா. "என் பொண்ணு தனியா எங்கயும் போனதில்லையே."

"தனியா வரட்டும்" என்றார் டாக்டர்.

ஆட்டோவில் அப்பா நடுவில் உட்கார்ந்தார். டிரைவரிடம் போக்குவரத்து பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். சிக்னலில் நின்றபோது என் தோளில் கையைப் போட்டு, அதே சிரித்த முகத்தோடு, மெதுவாகச் சொன்னார்.

"வீட்டுக்கு வா."

அவ்வளவுதான். எனக்கு இருபத்து நாலு வயது. அவரை ஒரு கையால் தூக்கி இறக்கிவிடுவேன். ஆனால் அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காத காது அவர் பக்கம் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கேட்டிருந்தது. விரல்கள் மடியில் ஏதோ இல்லாத துணியின் தையலை வருடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து அப்பா செருப்பைக் கழற்றினார். முதலில் ஒன்று. நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் அப்படியே நின்றோம். அவருக்கு இப்போது குனிய நேரமாகும், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த காலைத் தூக்க முடியும், அது எங்களுக்குத் தெரியும். இருந்தும் நின்றோம். பிறகு இன்னொன்று. உள்ளே வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், "டீ போடும்மா" என்றார். டிவியைப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. அந்த ஒன்றுமே நடக்காத சாயங்காலத்தை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். அக்கா பாத்திரத்தைச் சத்தம் வராமல் துணி விரித்து அதன்மேல் கவிழ்த்தாள். நான் இருபது தடவை தண்ணீர் குடித்தேன்.

அடுக்களையில் அவளிடம் கேட்டேன். "ஏன்க்கா மாத்திச் சொன்ன?"

"ஒரே ஆட்டோல தானடா திரும்பி வரணும்."

"அவரால இப்ப என்னக்கா பண்ண முடியும்? டீ கிளாஸையே தூக்க முடியல."

"தெரியும்டா." அடுப்பைத் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "பகல்ல தெரியும். நாலு பேரு இருந்தா தெரியும். அங்க அவர் பக்கத்துல உக்காந்ததும் எனக்குப் பன்னிரண்டு வயசாயிடுச்சு. நான் என்ன பண்ண?" பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு மட்டும் என்னவாம்? நான் படியில விழுந்தேன்னு எடுத்து விட்ட?" என்றாள்.

நான் துணியில் கவிழ்த்திருந்த பாத்திரத்தை எடுத்துத் துடைத்தேன். அப்பா இனிமேல் 'தப்புப் பண்ணிட்டேம்மா' என்ற அந்த வார்த்தையைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு ஞாபகமே இல்லையோ, இருந்தும் இல்லையென்கிறாரோ, அதுகூட எனக்குத் தெரியவில்லை. அவர் நன்றாகத் தூங்குகிறார். குறட்டை எனக்குக் கேட்கிறது. அக்காவுக்கும் கேட்கும்.

அடுத்த வாரம் அக்கா கம்பெனிக்குப் போனாள். மாத்திரை அவளை மந்தமாக்கியிருந்தது. அவள் மேசையில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்ச நாள் பேக்கிங்ல இருங்கம்மா" என்றார் மேலாளர். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மடித்த சட்டையை உறையில் போட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். யாரும் இப்போது எக்ஸ்ரே என்று கூப்பிடுவதில்லை. 'ஸ்டிக்கர்' என்கிறார்களாம். லீவு கேட்கலாமா என்று அவளிடம் வருகிறவர்களும் நின்றுவிட்டார்கள்.

முந்தாநாள் மத்தியானம் கடைக்குப் போன் பண்ணினாள். நான் ஒரு போனின் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன்.

"டேய் ரேடியோ. வியாழக்கிழமை அந்த டாக்டரம்மாகிட்ட போறேன்."

கையிலிருந்த திருகாணி எங்கேயோ தெறித்து ஓடியது. "தனியாவா?"

"தனியாத்தான். காதைப் பத்தி மட்டும் சொல்லுவேன்னு நெனைக்கறேன். பாக்கலாம், வாய் வருதான்னு." பின்னால் உறை ஒட்டும் இயந்திரம் 'புஸ்' என்று மூச்சு விட்டது. "அப்பா கேட்டா பல் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிடு."

"பல்லு வேணாம்க்கா. இந்த மாசம்தான் கடை லீவு அன்னிக்கு நான் படத்துக்குப் போறதுக்குப் பல்லுன்னுதான் சொன்னேன்."

பிறகு அக்கா சிரித்தாள், மூக்கால், சத்தம் வெளியே வராமல்.

"ஒரே மாசத்துல ரெண்டு பேருக்கும் பல்லு வலிக்கக்கூடாது இல்ல?"

"கூடாது. சந்தேகம் வரும்."

"அப்பக் கண்ணுன்னு சொல்லு. கண்ணாடி போடணுமாம்னு. கம்பெனியிலயும் நான் அதையேதான் சொல்லப்போறேன். மாத்திச் சொல்லிடாதடா."

மாற்றிச் சொல்லவில்லை. முப்பத்து மூன்று வயதுப் பெண் தனக்கு நடந்ததை ஒருத்தரிடம் சொல்லிவிட்டு வருவதற்கு, நடத்தியவரிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் போக முடிகிறது. சரி, அதையாவது ஒழுங்காகச் சொல்வோம் என்று, வீட்டுக்குப் போனதும் அப்பாவின் எதிரே நின்று, கண்ணைப் பார்த்துச் சொன்னேன். அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இந்த வயசுலயே கண்ணா? பாவம்டா. நம்ம குடும்பத்துல யாருக்கும் ஒரு குறையும் கிடையாதே. இவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"